மூன்று விரற்கடை

தேத்தண்ணிக் கடை வாங்கில் இருந்தபடி கதிரவேலு பாலப்பத்தை எட்டாகக் கிழித்தார். எட்டுத் துண்டையும் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கினார். பிறகு, கோயில் உண்டியலில் சில்லறை போடுகிறவர்போல, ஒவ்வொன்றாக எடுத்து உதடுகளுக்கு நடுவே செருகினார்.

"ஒன்பது நிமிசம்," என்றான் சுப்யான், கைத்தொலைபேசியில் நேரத்தைப் பார்த்து. "ஒரு அப்பத்துக்கு ஒன்பது நிமிசம் அக்கா. உவர் ஒரு கொத்துரொட்டி திண்டு முடிக்கிறதுக்குள்ளை நாங்கள் ரெண்டுபேரும் பென்சன் எடுத்திடுவம்."

"நான் எடுத்திட்டன். நீர் வாயைப் பாரும்," என்றார் உதயகலா.

ஓட்டோ மருதனார்மடச் சந்தியில், சந்தை வாசலுக்கும் தேத்தண்ணிக் கடைக்கும் நடுவே, வாழைக்குலை ஏற்ற வந்ததுபோல அப்பாவியாக நின்றது. முன்னால் சுப்யான். வயது முப்பத்தெட்டு. ஓட்டோ அவனுடையது, நாக்கும் அவனுடையது. இரண்டுக்கும் பிரேக் கொஞ்சம் தளர்வு. பின்னால் உதயகலா. இருபத்தாறு வருடம் நில அளவைத் திணைக்களத்தில் வரைபடம் கீறி, முன்கூட்டியே ஓய்வு பெற்று, நல்லூரில் ஒரு ரியூசன் நிலையத்தின் மேல்மாடியில் 'தனியார் விசாரணை' என்று பலகை மாட்டியவர். அங்கே வரும் பத்து வேலையில் ஒன்பது கலியாண விசாரணை. மாப்பிள்ளை குடிப்பாரோ என்று ரொறன்ரோவில் இருந்து ஒரு தாய் கேட்பார். பெண்ணுக்கு உண்மையிலேயே முப்பதுதானோ என்று லண்டனில் இருந்து ஒரு மாமி கேட்பார். யாழ்ப்பாணத்தில் துப்பறிய ஒருவருக்குத் துப்பாக்கி தேவையில்லை. ஒரு வாசலில் நின்று தண்ணீர் கேட்டால் போதும், மிச்சத்தைப் பக்கத்து வீடே சொல்லிவிடும்.

பத்தாவது வேலைதான் இது.

இதைக் கொண்டுவந்தவன் சுபாங்கன். கணிதப் பட்டதாரி, வயது முப்பத்திநான்கு. ஆறு வருடம் வேலைக்குக் காத்திருந்து, போன மாதம்தான் அரசாங்க ஆசிரியர் நியமனக் கடிதம் கையில் கிடைத்தது. அடுத்த வருடம் என்றால் வயது எல்லை தாண்டிவிடும். அவன் வளவுக்கும் கதிரவேலுவின் வளவுக்கும் நடுவே ஒரு வேலி. ஆவணியில் வேலி அடைக்கும்போது கதிரவேலு வேலிக் கதியால்களைச் சுபாங்கனின் பக்கம் அரை அடி தள்ளி நட்டார். வாக்குவாதம் வந்தது. செத்துப்போன தகப்பனைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னார். சுபாங்கன் கன்னத்தில் ஒன்று கொடுத்தான்.

ஒன்றே ஒன்று. அதை அவன் மறுக்கவும் இல்லை.

கன்னத்தில் வீக்கம் என்று மட்டும் ஆஸ்பத்திரித் துண்டில் எழுதியிருந்தது. அதோடு போயிருந்தால் சமரசமாக முடிந்திருக்கும். இரண்டு கிழமை கழித்துக் கதிரவேலு ஒரு தனியார் டொக்டரின் சான்றிதழோடு வந்தார். 'வாய்த்திறப்பு முப்பத்தாறு மில்லிமீற்றர். வளர்ந்த ஒருவருக்கு ஐம்பது இருத்தல் வேண்டும். பரிசோதனையில் மூன்று விரல்கள் உட்செல்லவில்லை. தாடை மூட்டு நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டுள்ளது.' கன்னத்து அடி ஒரே இரவில் கடுங்காயம் ஆனது. செவ்வாய்க்கிழமை வழக்கு. கடுங்காயம் என்று நின்றுவிட்டால் பொலிஸ் சான்றிதழ் கிடைக்காது. அது கிடைக்காவிட்டால் நியமனம் இல்லை. சுபாங்கன் ஆயுள் முழுவதும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்க வேண்டியதுதான்.

அன்று ஞாயிறு.

மூன்று நாளாக அவர்கள் அந்த வாயின் பின்னால் திரிகிறார்கள். வெள்ளிக்கிழமை சுப்யான் ஒரு கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை நீட்டினான். அவர் பேனாக்கத்தி எடுத்துச் சீவிச் சாப்பிட்டார். சனிக்கிழமை உதயகலா ஆஞ்சநேயர் கோயில் வடையைக் கொடுத்தார். அதை நாலாகப் பிட்டார். மாலையில் சுப்யான் பக்கத்து வாங்கில் இருந்து பேக்கரிப் பணிஸ் ஒன்றைப் பிய்த்து, "அண்ணை, பாதி எடுங்கோவன்," என்றபோதுதான் மனிதர் முதல்முறையாக உணர்ச்சி காட்டினார். "பணிஸை மட்டும் என்ரை கண்ணிலை காட்டாதை," என்று எழும்பிப் போய்விட்டார்.

"நடிப்பெண்டால் உலகத் தரமான நடிப்பு," என்றான் சுப்யான் இப்போது. "சாப்பாட்டிலை பிடிக்கேலாது அக்கா. தெரிஞ்சு திறக்கிற வாயை அடக்கலாம். தெரியாமல் திறந்தால்தான் உண்டு."

உதயகலா அவனைப் பார்த்தார். "தெரியாமல் எப்ப திறக்கும்?"

"கொட்டாவி விட்டால்."

அவர் அப்போதே கைப்பையில் இருந்து ஒரு துண்டுப்பிரசுரத்தை எடுத்தார். இன்று பிற்பகல் மூன்று மணி, சனசமூக நிலைய மண்டபத்தில் 'வாசிப்பின் பயன்கள்' என்று ஒரு சிறப்புச் சொற்பொழிவு. பேசுபவர் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர்.

"அவரோ!" சுப்யான் நெஞ்சில் கை வைத்தான். "அவர் பேசினால் மைக்கே கொட்டாவி விடுமே."

தேத்தண்ணிக் காசு கொடுக்கப் போன இடத்தில் கடைக்காரர் தாமாகவே வாயைத் திறந்தார். "கதிரவேலரையோ பாக்கிறியள்? நல்லாப் பாருங்கோ. என்ரை கிளாஸ் அரை அவுன்ஸ் குறைவெண்டு போன வரியம் பெட்டிசம் போட்டவர். கோயில் மணி முந்தி அடிக்குது எண்டு ஒரு பெட்டிசம். பஸ் பிந்தி வருது எண்டு ஒண்டு. பேந்து அதே பஸ் முந்திப் போட்டுது எண்டும் ஒண்டு. மூக்கு அடைச்சாலும் ஆருக்காவது எழுதிப் போடுற மனுசன்."

சுப்யான் சிரித்தான். உதயகலா சிரிக்கவில்லை. மிச்சக் காசை எண்ணாமலே கைப்பைக்குள் போட்டார்.

*

சொற்பொழிவு எதிர்பார்த்ததைவிடச் சிறப்பாக இருந்தது. முதல் இருபது நிமிடம் அதிபர் மேடையில் இருந்தவர்களை விளித்தார். அடுத்த இருபது நிமிடம் நேரம் போதாது என்று விளக்கினார். எந்தக் கூட்டத்தையும் விடாத கதிரவேலு வழக்கம்போல முன்வரிசையில், கையில் ஒரு கொப்பியோடு இருந்தார். பேச்சில் பிழை கண்டால் குறித்துக்கொள்வதற்காம். பதாகையின் பின்னால் ஒளித்திருந்த சுப்யான் கைத்தொலைபேசியைப் பிடித்துக் காத்திருந்தான். தான் தூங்கிவிடாமல் இருப்பதே அவனுக்குப் பெரும்பாடாக இருந்தது.

நாற்பத்தெட்டாவது நிமிடத்தில் கதிரவேலுவின் மூக்கு விரிந்தது. கழுத்து நீண்டது. கண் சுருங்கியது. வலது கை பக்கவாட்டில் வந்து வாயை மறைக்கப் பார்த்தது. அதற்குள் வந்தது கொட்டாவி. ஆறுதலாக, அனுபவித்து, கண்ணோரத்தில் நீர் துளிர்க்க விட்டார். அதன்பிறகு அணை உடைந்தது. கூட்டம் முடிவதற்குள் எட்டு.

நல்லூரில் மேல்மாடிக்கு வந்ததும் உதயகலா படத்தை நிறுத்தி, கணினியில் பெருப்பித்து, தனது பழைய அளவுகோலைத் திரையில் வைத்தார். கதிரவேலு முகத்தருகே பிடித்திருந்த கொப்பியின் அகலம் கடையில் வாங்கினால் தெரிகிற அளவு. அதைக்கொண்டு வாயைக் கணக்குப் போட்டார். எட்டுக் கொட்டாவிக்கும் எட்டுத் தடவை.

"எவ்வளவு?" என்றான் சுப்யான்.

"முப்பத்தாறு. கூடினால் முப்பத்தேழு."

கீழே ரியூசன் பிள்ளைகள் கோரசாக ஏதோ சமன்பாட்டை ஒப்புவித்தார்கள். சுப்யான் கதிரையில் சாய்ந்து, தலையில் கை வைத்தான்.

"அப்ப மனுசன் நடிக்கேல்லை. டொக்டர் எழுதினது சரி. மூண்டு நாளா நாங்கள் ஒரு நேர்மையான மனுசனுக்குப் பின்னாலை திரிஞ்சிருக்கிறம். சுபாங்கனுக்கு நான் என்னத்தைச் சொல்ல? தம்பி, உன்ரை எதிரியைக் காப்பாத்துறதுக்கு எங்களிட்டை எட்டு ஆதாரம் கிடக்கு, சோக்கான வெளிச்சத்திலை எடுத்தது எண்டோ?"

உதயகலா படத்தை மறுபடி ஓடவிட்டார். "உமக்கு எப்பவாவது பல்லுக் கொதி வந்து வாய் திறக்கேலாமல் இருந்ததோ?"

"வந்தது. ஞானப்பல்லு முளைக்கேக்கை. நாலு நாள்."

"அந்த நாலு நாளும் கொட்டாவி வந்தால் என்ன செய்தனீர்?"

"நாடியைக் கையாலை தாங்கிப் பிடிப்பன். பாதியிலை விழுங்கிப்போடுவன். கொட்டாவி எண்டால் அப்ப..." சுப்யான் நிறுத்தினான். திரையில் கதிரவேலு ஐந்தாவது கொட்டாவியைக் கண்மூடி ரசித்துக்கொண்டிருந்தார். நாடியில் கை இல்லை. முகத்தில் சுளிப்பு இல்லை. "உவர் கற்கண்டு சூப்புற மாதிரியெல்லோ விடுறார்!"

"நாங்கள் பொய்யைத் தேடின இடம் பிழை, சுப்யான். அளவு உண்மைதான். ஆனால் அந்த வாய் நோகிற வாய் இல்லை. இனி நாளைக்கு ஐஸ்கிறீம் குடிப்பம்."

*

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நல்லூர் ஐஸ்கிறீம் கடை ஒன்றில் பதினொரு பேருக்கு இலவசமாகக் குச்சி ஐஸ்கிறீம் கிடைத்தது. நிபந்தனை ஒன்றுதான். தின்று முடித்ததும் குச்சியைக் கழுவி, மேல் முன்பல்லின் கீழ் நிமிர்த்திப் பிடித்து, முடிந்தமட்டும் வாயைத் திறந்து, கீழ்ப்பல் முட்டும் இடத்தில் பேனையால் கோடு கீற வேண்டும். காரணம் கேட்டவர்களுக்கு, "கனடாவிலை ஒரு ஆராய்ச்சி," என்றான் சுப்யான். கனடா என்றதும் மேற்கொண்டு ஒருவரும் கேட்கவில்லை.

குச்சிகளை உதயகலா வரிசையாக மேசையில் வைத்து அளந்தார்.

ஓட்டோத் தரிப்பிடத்து நடராசா, ஆறடி இரண்டங்குலம், ஒரு சிலிண்டரை ஒற்றைக் கையால் தூக்குபவர்: நாற்பது. சுப்யானின் தாய் றஹ்மத்தும்மா, நடராசாவின் இடுப்பளவு உயரம், வயது அறுபத்தாறு: ஐம்பத்தொன்று. ஐஸ்கிறீம் பரிமாறிய பெண்: முப்பத்தெட்டு. உதயகலா: நாற்பத்துநான்கு. மற்றவர்கள் அங்குமிங்குமாக. கடைசிக் குச்சி ஐம்பத்தெட்டு.

"அது ஆருடையது?" என்று நடராசா கேட்டார்.

"கேக்கவேணுமே," என்றார் றஹ்மத்தும்மா. "நான் பெத்ததுதான். பிறந்த அண்டே மருத்துவிச்சி காதைப் பொத்தினவ."

"உம்மா, ஆராய்ச்சியிலை சொந்தக் கதை கதைக்கப்படாது."

நடராசா தனது குச்சியைக் கவலையோடு பார்த்தார். "அப்ப எனக்கு ஏதும் வருத்தமோ? ஐம்பது இருக்கவேணும் எண்டு சொன்னியளே."

"உங்களுக்குச் சாப்பிடக் கஷ்டமோ?" என்றார் உதயகலா.

"என்ரை மனுசிக்குத்தான் கஷ்டம். சமைச்சு முடியாது."

"அப்ப வருத்தம் இல்லை. சப்பாத்துக் கடையிலை எல்லாருக்கும் ஒரே அளவிலையோ சப்பாத்து வைச்சிருக்கினம்? ஐம்பது எண்டது கனபேரை அளந்து எடுத்த நடு. நடு எண்டு ஒண்டு இருந்தால் ரெண்டு பக்கமும் ஆக்கள் நிக்கத்தானே வேணும். அங்காலை நிக்கிறவனும் இஞ்சாலை நிக்கிறவனும் நோயாளி இல்லை. இப்ப உங்கடை கையைக் காட்டுங்கோ. உங்கடை மூண்டு விரலை ஒண்டுக்கு மேலை ஒண்டா அடுக்கி வாய்க்குள்ளை விட்டுப் பாருங்கோ."

நடராசா விட்டார். கொஞ்சம் இறுக்கம். போனது. றஹ்மத்தும்மா விட்டார். தாராளமாகப் போனது. ஒவ்வொருவராகத் தங்கள் வாயில் தங்கள் விரலை விட்டுப் பார்த்தார்கள். பெரிய ஆளுக்குப் பெரிய விரல், சின்ன ஆளுக்குச் சின்ன விரல். பதினொரு பேருக்கும் போனது. உள்ளே வந்த வெளிநாட்டுக் குடும்பம் ஒன்று, கடை நிறையப் பெரியவர்கள் வாய்க்குள் விரலோடு நிற்பதைக் கண்டு, பக்கத்துக் கடைக்குப் போய்விட்டது.

"இப்ப அந்த டொக்டரை நினைச்சுப் பாரும்," என்றார் உதயகலா. "அவரை நான் கண்டிருக்கிறன். நடராசா அண்ணையின்ரை உடம்பு. மூண்டு விரல் போகேல்லை எண்டு எழுதியிருக்கிறார். ஆற்றை விரல்?"

சுப்யான் கைத்தொலைபேசியை எடுத்துக் கொட்டாவிப் படத்தைப் பெருப்பித்தான். வாயை மறைக்கப் பக்கவாட்டில் வந்த வலது கை. சின்னக் கை, மெல்லிய விரல்கள். திறந்த வாயின் முன்னால் சரியாக மூன்று விரல் அடுக்கி நின்றது. மேலேயும் இடைவெளி இல்லை, கீழேயும் இல்லை.

"அல்லாஹ்வே," என்றான். "மனுசன் நேற்றே எங்களுக்கு அளந்து காட்டியிருக்கிறார். நான் வாயைப் பாத்தன், விரலைப் பாக்கேல்லை." பிறகு முகம் தொய்ந்தது. "ஆனால் அக்கா, உது காணாது. அடிக்கு முந்தி ஐம்பது இருந்தது, அடிச்ச பிறகுதான் முப்பத்தாறு எண்டு சொல்லுவார். இல்லையெண்டு ஆர் சொல்லுறது? அறுபது வயது மனுசன்ரை பழைய வாயை ஆர் அளந்து வைச்சிருக்கப்போகினம்?"

உதயகலா பதினொரு குச்சியையும் இறப்பர் வளையம் போட்டுக் கட்டினார். "மூக்கு அடைச்சாலும் எழுதிப் போடுற மனுசன். அப்பிடியான ஒருத்தருக்குப் பிறப்பிலையே சின்ன வாய் இருந்தால், அறுபது வரியமா ஒருத்தரிட்டையும் முறையிடாமல் இருந்திருப்பார் எண்டு நினைக்கிறீரோ?"

*

சனசமூக நிலையத்தின் செயலாளர் கோபிசங்கர், எப்போதும் மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு பிறந்த இளைஞர். உதயகலா கேட்டதும் அவர் இரும்பு அலுமாரியைத் திறந்தார். மேல்தட்டில் நூலகக் கணக்கு. நடுத்தட்டில் விளையாட்டுக் கழகம். கீழ்த்தட்டு முழுவதும் ஒரே பெயர். 'திரு. கதிரவேலு - முதலாம் பாகம்' என்று தொடங்கி நாலாம் பாகம்வரை நின்றது.

"எறியலாமே," என்றான் சுப்யான்.

"எறிஞ்சனாங்கள் அண்ணை, ஒருக்கா. ஏன் எறிஞ்சனீங்கள் எண்டு பெட்டிசம் வந்தது. அதுதான் முதலாம் பாகத்தின்ரை முதல் பக்கம்."

தரையில் இருந்து மூவரும் புரட்டினார்கள். மின்குமிழ் மங்கல். நூலகக் கதிரை ஆடுகிறது. கரப்பந்து மதில் தாண்டுகிறது. பொங்கல் பானை மேற்குப் பக்கம் பொங்கியது. சுப்யான் ஒவ்வொன்றையும் செய்தி வாசிப்பவரின் குரலில் வாசித்துக்கொண்டு போனான். மூன்றாம் பாகத்தின் நடுவில் அந்தக் குரல் நின்றது.

"அக்கா. பணிஸ்!"

ஒவ்வொரு வருடமும் சித்திரைப் புத்தாண்டுக்கு நிலையம் விளையாட்டுப் போட்டி வைக்கும். அதில் ஒன்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கயிற்றில் தொங்கும் பணிஸை வாயால் கடித்துத் தின்பது. எட்டு வருடத்துக்கு முன் அதில் கதிரவேலு கலந்துகொண்டு கடைசியாக வந்திருக்கிறார். மறுநாளே எழுதியிருக்கிறார். அழகான கையெழுத்து. கறுப்பு மை.

'...மேற்படி பணிஸின் தடிப்பு இரண்டு அங்குலமாகும். எனது வாயோ பிறப்பிலிருந்தே ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகவே திறக்கும். இதனை அடிமட்டத்தால் அளந்து, முப்பத்தாறு மில்லிமீற்றர் எனக் கண்டுள்ளேன். எனது தகப்பனாருக்கும் அவ்வாறே. ஒருவரின் வாயின் அளவை ஆராயாது எல்லோருக்கும் ஒரே தடிப்பில் பணிஸ் தொங்கவிட்டமை பாரபட்சமாகும். எனவே போட்டி முடிவை ரத்துச்செய்து, அவரவர் வாய்க்கேற்ற பணிஸ் வழங்கி மீள நடாத்துமாறு வேண்டுகிறேன்.'

கீழே கையொப்பம், அடையாள அட்டை இலக்கம். அதன் பக்கத்தில் நிலையத்தின் வட்ட முத்திரை, 'கிடைத்தது' என்று திகதியோடு. பிரதி: பேக்கரி உரிமையாளர்.

உதயகலா கடிதத்தை வாங்கி இரண்டாம் தடவையும் வாசித்தார்.

"மனுசன் சொல்லியிருக்கிறது ஞாயம்," என்றார் உதயகலா மெதுவாக. "நான் காலமை அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினதை எட்டு வரியத்துக்கு முந்தியே எழுதியிருக்கிறார்."

"மீள நடத்தினீங்களோ?" என்று சுப்யான் கேட்டான்.

கோபிசங்கர் மன்னிப்புக் கேட்டார். "இல்லை அண்ணை. பணிஸ் முடிஞ்சுபோச்சு."

*

பின்னேரம் நாலரைக்கு அவர்கள் அந்த வேலியடிக்குப் போனார்கள். கோபிசங்கரும் மூன்றாம் பாகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார். வேலிக்கு இந்தப் பக்கம் சுபாங்கன், நியமனக் கடிதம் இருந்த கோப்புறையைக் கையில் வைத்திருந்தான். அதை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லைபோலும். அந்தப் பக்கம் கதிரவேலு சாய்கதிரையில் இருந்து எழும்பி வந்தார்.

சுப்யான் வேலியைப் பார்த்தான். பழைய கதியால் நின்ற குழிகள் இன்னும் மூடவில்லை. அதற்கும் புதிய வரிசைக்கும் நடுவே அரை அடி. ஒரு கோழி படுக்கலாம், கால் நீட்டேலாது.

"இவ்வளவுக்கோ?" என்றான். "அண்ணை, தொண்ணூறிலை முஸ்லிம் சனம் எங்களை ரெண்டு மணித்தியாலத்திலை ரவுணை விட்டுப் போகச் சொன்னவை. இருபது வரியம் கழிச்சு வாப்பாவோடை வந்து பாத்தால், வேலியைத் தேடுறதுக்கு வீட்டைக் காணேல்லை. நீங்கள் அரை அடிக்குத் தாடையைக் குடுத்திருக்கிறியள்."

"நீ ஆர் என்னோடை கதைக்கிறதுக்கு?" பல்லிடையால் வந்தது குரல். "எனக்கு வாய் திறக்கேலாது. டொக்டர் கதைக்கவேண்டாம் எண்டவர்."

"நீங்கள் கதைக்கவேண்டாம் அண்ணை, வாசியுங்கோ," என்றார் உதயகலா. கோபிசங்கர் மூன்றாம் பாகத்தைக் கதியால்களுக்கு மேலால் விரித்துப் பிடித்தார்.

கதிரவேலு மூக்குக்கண்ணாடியைப் போட்டார். தன் எழுத்தைக் கண்டதும் முகம் முதலில் மலர்ந்தது. ஒருவன் தன் பழைய புகைப்படத்தைப் பார்ப்பதுபோல இரண்டு வரி ரசித்து வாசித்தார். மூன்றாவது வரியில் மலர்ச்சி நின்றது.

"உங்கடை எழுத்துத்தானே?"

"ஓம்."

"உங்கடை கையெழுத்து, உங்கடை நம்பர். இது எட்டு வரியத்துக்கு முந்திப் பிறப்பிலிருந்து முப்பத்தாறு எண்டு சொல்லுது. சான்றிதழ் என்னெண்டால் இந்த ஆவணியிலை வாங்கின அடியாலை முப்பத்தாறு எண்டு சொல்லுது. நாளைக்கு ரெண்டையும் நீதவானுக்கு முன்னாலை வைக்கப்போறம். ரெண்டிலை ஒண்டு பொய். நான் பொய்யெண்டு நினைக்கிறது பெட்டிசத்தைத்தான்." உதயகலா அனுதாபத்தோடு தலையை ஆட்டினார். "போட்டியிலை தோத்த கோவத்திலை, பரிசுக்கு ஆசைப்பட்டு, வாயைக் குறைச்சு எழுதியிருக்கிறியள். ஆரெண்டாலும் செய்யிறதுதான்."

சுப்யான் திரும்பி உதயகலாவைப் பார்த்தான். அக்கா என்ன, கிடைத்த ஆதாரத்தைத் தானே கிழிக்கிறாரே! சுபாங்கனின் கையில் கோப்புறை மடிந்தது.

கதிரவேலு நிமிர்ந்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"என்ன சொன்னனீர் பிள்ளை? என்ரை பெட்டிசம் பொய்யோ?" பல்லிடைக் குரல் போய், ஒழுங்கை முழுவதும் கேட்கிற குரல் வந்தது. "நாப்பது வரியமா எழுதிறன்! ஒரு எழுத்து, ஒரு இலக்கம் பிழை எண்டு ஆராவது சொல்லியிருக்கினமோ? கோபி, சொல்லடா! அடிமட்டத்தாலை அளந்துதான் எழுதினனான். மூண்டுதரம் அளந்தனான். முப்பத்தாறு எண்டால் முப்பத்தாறுதான்!"

"அப்ப டொக்டர் மூண்டு விரல் போகேல்லை எண்டு..."

"அந்தாள் தன்ரை விரலையெல்லோ விட்டவர்! ஒவ்வொரு விரலும் வாழைப்பழம் மாதிரி! என்ரை வாய்க்கு என்ரை விரலையெல்லோ விடவேணும்! இஞ்சை பாரும்!"

கதிரவேலு தன் மூன்று விரலையும் அடுக்கி, அடங்காத ஆவேசத்தோடு, தன் வாய்க்குள் விட்டார். சரியாகப் போனது. அப்படியே நின்றுகொண்டு மேலும் ஏதோ நீளமாக வாதாடினார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. கோபிசங்கர் பழக்கதோஷத்தில் மன்னிப்புக் கேட்டார். சுப்யான் படம் எடுத்தான். இம்முறை அவன் ஒளிக்கவில்லை.

விரலை எடுத்தபோதுதான் கதிரவேலுவுக்குத் தான் என்ன செய்தோம் என்பது விளங்கியது. வேலிக்கு அந்தப் பக்கம் நாலு முகம். நடுவில் அவர் எழுதிய கடதாசி. சான்றிதழை வேறொருவர் எழுதினார், அது போனால் போகட்டும். பெட்டிசம் அவருடையது. மனிதர் அதைப் பார்த்தார், சுபாங்கனைப் பார்த்தார், மறுபடி அதையே பார்த்தார். வட்ட முத்திரையை ஒரு விரலால் தடவினார்.

"பெட்டிசம்தான் உண்மை," என்றார், தணிந்த குரலில். "நாளைக்கு அங்கையும் அப்பிடியே சொல்லுவன். என்ரை எழுத்தை நானே பொய்யெண்டு சொல்லேலாது."

சுபாங்கன் வேலிக்குக் கிட்ட வந்தான். "ஐயா, அடிச்சது பிழை. கோவத்திலை கை நீட்டிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"அதை எழுத்திலை தா."

"தாறன்."

"திகதி போட்டு."

"ஓம் ஐயா."

கதிரவேலுவின் தோள் இறங்கியது. ஆனால் கண்ணில் வேறொரு வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது. சாய்கதிரையில் கிடந்த கொப்பியை எடுத்து வந்து, புதிய பக்கம் திருப்பினார். "அந்த டொக்டர்," என்றார். "ஒரு மனுசன்ரை வாயைத் தன்ரை விரலாலை அளந்து சான்றிதழ் குடுக்கிறது எந்தச் சட்டத்திலை இருக்கு? இதை நான் சும்மா விடமாட்டன். ஆரிட்டையாவது பேனை இருக்கோ?"

சுபாங்கன் சட்டைப்பையைத் தொட்டான். வேலையில் சேரும் முதல் நாள் பாடசாலை வரவுப் புத்தகத்தில் கையொப்பம் இடுவதற்கென்று வாங்கிய புதுப் பேனை. ஒரு கணம் தயங்கினான். பிறகு கதியால்களுக்கு மேலால் நீட்டினான். ஆவணிக்குப் பிறகு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் அமைதியாகப் போன முதல் பொருள் அதுதான்.

கதிரவேலு வாங்கி, மூடியைக் கழற்றி, கொப்பியின் ஓரத்தில் ஒரு கோடு கீறிப் பார்த்தார்.

"நீலமோ?" என்றார் வெறுப்போடு. "கறுப்பு இல்லையே?"